நாற்பத்து மூன்றாவது சீட்டு

தீயணைப்பு வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள்.
பதினான்கு பேர். இரண்டு குடுவை காபி.
ஓரம் கருகிய ஏலக்காய் ரொட்டி.
ரோவனியெமியிலிருந்து வந்த ஸிர்ப்பா
மஞ்சள் சீட்டுகள் ஒட்டச்
சுவரை முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.

சென்ற குளிர்காலம் எங்கள் சாலையில்
முப்பத்தோரு பனிமான்கள்.
இரண்டு கார். ஒரு மனிதரின் தோள்பட்டை.
கணக்கு எனக்குத் தெரியும்:
விடியுமுன் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன் நான்,
முதலில் பார்ப்பவனும் நான்தான்.

"முதல் அரைமணி நேரம்
யாரும் யாரையும் மறுக்கக் கூடாது" என்றாள்.
லாப்லாந்தில் அது எளிது.
மறுப்பதற்கும் வாய் திறக்க வேண்டுமே.

பிறகு அவளே புரிந்துகொண்டு
பேச வேண்டாம், எழுதுங்கள் என்றாள்.
எழுதி இடப்பக்கம் தள்ளுங்கள்,
வந்த சீட்டில் ஏதாவது கூட்டுங்கள்.
நான் 'வேலி' என்று எழுதினேன்.
ஐலியிடம் போய் 'வேலிக்குக் கதவு' ஆனது.
அடுத்த கையில் 'கதவுக்கு நாய்'.
சுற்றி முடித்து என்னிடம் வந்தபோது
'நாய்க்குச் சம்பளம்' என்று யாரோ சேர்த்திருந்தார்கள்.
யார் கையெழுத்தென்று தெரியவில்லை.
ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடுவதுபோல்
அறையில் முதல் சிரிப்பு.

ஒரு விலைப்பட்டியலைக் கண்மூடிப் புரட்டி
விரல் வைத்தாள்: தையல் ஊசி.
ஊசிக்கும் மானுக்கும் என்ன உறவு?
நெடுநேரம் ஒன்றுமில்லை.
காபி ஆறியது.
கொம்பில் மினுங்கும் நூல் சுற்றலாம் என்றார்
கால்நடை மருத்துவர் கவ்கோ,
தன் காதுக்கே கேட்காத குரலில்.

முப்பத்தெட்டாவது சீட்டோடு
எங்கள் தலைகள் காலி.
அப்போது அவள் கேள்வியையே
தலைகீழாக ஒட்டினாள்:
*முப்பத்தொன்றை முந்நூறாக்க
நாம் என்ன செய்யலாம்?*

ஈஸ்கோ எழுந்தான்.
முப்பத்தொன்றில் பதினொன்று அவன் மந்தை.
போய்விடுவான் என்று நினைத்தேன்.
ஜன்னல்வரை போய்,
முகம் திருப்பாமல் சொன்னான்:
"விளக்குகளை அணைக்கலாம்."
"வேகத்தைக் கூட்டலாம்."
"புதர்களைச் சாலைவரை வளர விடலாம்."
காப்பதற்குக் கஞ்சர்களாய் இருந்தவர்கள்
கெடுப்பதற்கு வள்ளல்களானோம்.
"அவற்றுக்குப் பிடித்ததைத் தாரில் தூவலாம்"
என்றாள் ஐலி.
"பாசியா?"
"உப்பு."

நாற்பத்து மூன்றாவது சீட்டு.

அக்டோபரிலிருந்து,
என் வண்டியின் பின்புறம் சுழலும் தட்டு
இரவெல்லாம் தூவிக்கொண்டே வருவது
அதைத்தான்.
நக்க வருகின்றன.
உப்புத் தின்றவை தண்ணீர் தேடுமுன்
முகவிளக்கு வந்துவிடுகிறது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவர்கள் பட்ட பாட்டை
நான் பார்த்தேன்.

அப்புறம் ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு.
பிடித்ததில் ஒட்டச் சொன்னாள்.
பறக்கும் கேமராவுக்கு ஒன்பது விழுந்தது.
நாற்பத்து மூன்றுக்கு ஒன்றுமில்லை;
என் முகத்துக்கு அவர்கள் காட்டிய மரியாதை.
எது மலிவு, எது இந்த மாதமே முடியும் என்று
ஸிர்ப்பா இரண்டு கோடு கிழித்ததும்
கேமரா மூலைக்குப் பறந்தது.

என் மூன்று பொட்டையும்
நாற்பத்து மூன்றில் ஒட்டினேன்.
"உப்பில்லாவிட்டால் பாலத்தில் நான் வழுக்குவேன்"
என்றாள் இரவுப்பணிச் செவிலி பிர்கிதா.
உண்மைதான்.
சுவரில் தேடினேன்.
கீழ் வரிசையில், ஒரு முனை பிரிந்து தொங்கியது
பதினோராவது சீட்டு: 'காட்டுக்குள் தீவனம்.'
உரித்து, நாற்பத்து மூன்றின் பக்கத்தில் வைத்தேன்.
தனித்தனியே இரண்டும் அரைகுறை.
பாலத்துக்கு மட்டும் உப்பு,
சாலைக்கு மணல்,
மீதி உப்பு காட்டுக்குள், மான்களுக்கே.

இந்தக் குளிர்காலம் பன்னிரண்டு.
பன்னிரண்டு, பூஜ்யமில்லை.
மேட்டுத் திருப்பத்தில் இரண்டு கார் பள்ளத்தில் இறங்கின;
கடையில் என்னைத் திட்டுகிறார்கள்.
மார்ச்சில் மறுபடி கூடுகிறோம்.

சனிக்கிழமைகளில் பனிச்சறுக்கு வண்டியில்
உப்புக்கட்டி ஏற்றி ஆறு கிலோமீட்டர் உள்ளே போகிறேன்.
ஈஸ்கோ கூட வருகிறான்.
பேசுவதில்லை.
நேற்று அவன் நாய் முதல் கட்டியைத்
தானே நக்கிப் பார்த்தது.
"சம்பளம்" என்றான் ஈஸ்கோ.