இடுப்புக் கனம்

அமரில்லோவில் நவம்பர் காற்று
ஆள் பார்த்து அடிக்காது.
தீவனக் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு
இன்னும் இறங்காமல் இருந்தேன்.
மணி ஆறே முக்கால். இருட்டிவிட்டது.
வெர்னா எழுதிய சீட்டு சட்டைப் பையில்:
கோழிக்கு இரண்டு மூட்டை, நாய்க்கு ஒன்று.
இடுப்பில், வலப்பக்கம்,
அரசு முத்திரையிட்டு அனுமதித்த கனம்.

பதினான்கு வருடமாகச் சுமக்கிறேன்.
சுவரில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டது.
சர்ச்சில் மண்டியிடும்போதும்
கழற்ற மறந்து, கழற்ற மறந்து
பெல்ட்டில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.
நீல பிக்கப்புக்கு அந்தப் பக்கம்
ஒருவன் ஒருத்தியின் மணிக்கட்டை முறுக்குகிறான்.
விடு, விடுடா என்கிறாள்.
வண்டிக்குள் ஒரு குழந்தை
கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்திருக்கிறது.

என் கட்டைவிரல் உறையின் பொத்தானைத் தொட்டது.
நான் அனுப்பவில்லை. அதுவாகப் போனது.

உரிம வகுப்பில் ரெனிட்டா ப்ரூயிட் கேட்டாள்:
"நீங்கள் வந்து பார்க்கும்போது
அந்தச் சண்டைக்கு வயது எத்தனை நிமிடம்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.
நான்தான் அது.

கண்ணால் கண்டதும் பொய்யாம்,
தீர விசாரிப்பதே மெய்யாம்.
விசாரிக்க எனக்கு வாய்த்தது மூன்று நொடி.
அதிலும் ஒன்றை
லர்லீன் எடுத்துக்கொண்டாள்.

லர்லீன் டேக்கெட். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில்
இரவுக் காசாளர்.
அன்று பால் வாங்கும் வரிசையில் மூன்றாவது ஆள் நான்.
துப்பாக்கி வெளியே, வண்டியில்.
முகமூடிக்காரன் கல்லாவைக் கேட்டான்.
கொடுத்தாள். சில்லறைவரை கொடுத்தாள்.
கொடுத்த பிறகு சுட்டான்.
பால் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
நான் தரையில் கிடந்தேன்.
அவள் செருப்பு ஒன்று
கவுண்டர் தாண்டி வந்து விழுந்திருந்தது.

இடுப்பில் இருந்திருந்தால்?
இருந்திருந்தால் என்று சொல்லிச் சொல்லியே
எத்தனை இரவு அவனைச் சுட்டிருக்கிறேன்,
விட்டத்தைப் பார்த்தபடி.
ஒருமுறைகூடக் குறி தப்பியதில்லை.
படுக்கையில் யாருக்கும் தப்பாது.

அந்தப் பழைய பாக்கியை
இவனிடம் வசூலிக்கலாமா?

அவன் அவளைக் கதவோடு சாய்த்துத் தள்ளினான்.
குழந்தை அவர்களுக்கு நேர் பின்னால்.
நேர் பின்னால்.

உறையை விட்டேன்.
ஹார்னில் கையை வைத்தேன். எடுக்கவில்லை.
கன்று இழந்த மாடுபோல் அது கதறியது.
கடைக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள்:
மூட்டை தூக்கும் பையன், தொப்பிக்காரர் இருவர்,
தீவனக் கரண்டியோடு ஒருத்தி.
அவன் திரும்பினான். அழுதுகொண்டிருந்தான்.
உயர்த்திய கையில்
வண்டிச் சாவி.

"என் தங்கச்சி. நிக்கக்கூட முடியல அவளால.
பிள்ளைய வச்சுக்கிட்டு ஓட்டிட்டுப் போறேங்கறா."
அவள் என்னைப் பார்த்து
என் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.
காற்று அதையும் சோளச் சாராய வாடையையும்
ஒன்றாகவே கொண்டுவந்தது.

சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்றாள் வெர்னா,
உருளைக்கிழங்கைத் தோலுரித்தபடி.
ஒன்றுமே செய்யவில்லையே என்றேன்.
அதைத்தான் சொல்கிறேன் என்றாள்.

இல்லை வெர்னா, அதுவும் முழுக்கச் சரியில்லை.
ஹார்ன் லர்லீனைக் காப்பாற்றியிருக்காது.
துப்பாக்கி காப்பாற்றியிருக்குமா, தெரியாது.
வரிசையில் எனக்கு முன்னால்
ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள்.
விட்டத்தில் நான் சுடும்போதெல்லாம்
அவளை மறந்துவிடுகிறேன்.

உரிமம் புதுப்பிக்கும் படிவம் மேசையில் கிடக்கிறது.
உயரம் கேட்கிறது, கண்ணின் நிறம் கேட்கிறது.
யாருக்காக என்று கேட்கவில்லை.
ஆர்லிஸ் ஸ்டாம்ப்ஸ் என்று பெயரை மட்டும் எழுதி
பேனாவை மூடிவிட்டேன்.

தீவனம் வாங்காமலே வந்துவிட்டேன்.
விடிந்ததும் போகவேண்டும்.
இதைக் கட்டிக்கொண்டா, ஆணியில் விட்டுவிட்டா,
இன்னும் முடிவாகவில்லை.
கோழிகளுக்கு அதெல்லாம் தெரியாது.