ஆறுக்கு அடுத்து எட்டு

ஔலுவில் நவம்பர் என்றால்
மூன்று மணிக்கே தெருவிளக்கு எரியும்.
பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில்
பாய்களை இறக்கிப் பரப்புகிறோம், பதினொரு பேர்.
எனக்குத் தடவைக்கு இரண்டு பாய்.
மூன்றாவதில் கை வைத்தால்
ஈசாக்கி குறுக்கே வந்து வாங்கிக்கொள்வான்.
பதினைந்து வயது. அவன் மீசை
வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு அறுபத்து மூன்று.
காகித ஆலையில் முப்பத்தெட்டு வருஷம்,
பாதிக்கு மேல் இரவு ஷிப்ட்.
கணக்குத் தீர்த்து அனுப்பியபோது கொடுத்த சுவர்க் கடிகாரம்
இன்னும் சரியாகத்தான் ஓடுகிறது.
அதையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்
அந்தக் குளிர்காலமே ஜூடோவுக்கு வந்து
வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டேன்.
முதல் மூன்று மாதம் விழுவதற்கு மட்டும் பாடம்.
விழத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம்.
என்னோடு சேர்ந்த பையன்கள்
கறுப்பு கட்டி, காதலித்து,
ஹெல்சிங்கிக்குப் போய்விட்டார்கள்.
என் இடது முழங்கால் மட்டும்
ஒவ்வொரு நிறத்துக்கும்
தனித்தனியே வட்டி வாங்கியது.

பழுப்புக்கான தேர்வு டிசம்பரில்.
கெமியிலிருந்து ஒருவர் வந்திருந்தார்,
அட்டையில் செருகிய தாளும் பேனாவுமாக.
பக்கத்தில் எங்கள் ஏரிகா;
பகலில் பல் சுத்தம் செய்கிறவள்,
என் மகளைவிட இரண்டு வயது இளையவள்,
பாயில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒன்று, இரண்டு, மூன்று.
ஈசாக்கி பறந்தான், எழுந்தான், பறந்தான்.
ஆறாவது முடிந்ததும்
கெமிக்காரர் என் முழங்கால் பட்டையைப் பார்த்தார்.
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு, "எட்டாவது" என்றார்.

ஏழாவது,
ஒற்றை முழங்காலைத் தரையில் ஊன்றி
ஆளைத் தோளுக்கு மேல் உருட்டிவிடுவது.
கால்தான் போயிற்று, காது போகவில்லை.
ஆனாலும் எட்டாவதைச் செய்தேன்.
வாயைத் திறக்காமல் செய்தேன்.
கைதட்டினார்கள். காப்பி, ஏலக்காய் ரொட்டி.
"ரைமோ, ரைமோ" என்று முதுகில் அடித்தார்கள்.

வீட்டில் கொக்கியில் மாட்டினேன்.
விருந்தாளி யாரோ
மறந்து விட்டுப்போன உடைமை போலத் தொங்கியது.
சாவுனாவில் உட்கார்ந்து
கல்லில் தண்ணீர் ஊற்றினேன், மறுபடி ஊற்றினேன்.
வியர்வை வந்தது. வேறொன்றும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மடிப்புக் கலையாமல்
ஏரிகாவின் கையில் கொடுத்தேன்.
"ஏழாவதை நீங்கள் கேட்கவில்லை."
"உங்கள் முழங்கால்..."
"அதோடு குடித்தனம் நடத்துகிறவன் நான்."
அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல கோபம்.
"காயமிருந்தால் மாற்று வீச்சு ஒன்று கேட்கலாம்,
விதியிலேயே இருக்கிறது.
அதைக் கேட்க மறந்துவிட்டோம்.
இரக்கமெல்லாம் இல்லை, மறதி."

இரண்டில் எது மோசம் என்று
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"மாற்று வேண்டாம், ஏழாவதே" என்றேன்.
"இப்போதே காட்டுங்கள்" என்றாள்.
முழங்கால் ஊன்றினேன்.
பழைய உருளை இயந்திரம் போல ஒரு சத்தம் வந்தது உள்ளேயிருந்து.
ஈசாக்கி அழகாக விழுந்தான்.
மிக அழகாக.
பாரமே இல்லாமல்.
"நீயாகக் குதிக்காதே" என்றேன்.
காது சிவந்தது பையனுக்கு.

அடுத்த தடவை
நனைந்த காகிதச் சுருள் போல நின்றான்.
அசைக்க முடியவில்லை.
அதற்கடுத்த தடவையும்.

பழுப்பு பெல்ட் ஏரிகாவின் மேசை இழுப்பறையில்,
யாரோ தொலைத்த பல்காப்புக்கும்
ஒற்றைக் காலுறைக்கும் நடுவில் கிடக்கிறது.
நான் நீலத்தையே கட்டுகிறேன்.
முனையில் நூல் பிரிந்துவிட்டது.
செவ்வாய், வியாழன். செவ்வாய், வியாழன்.

போன வியாழன்
அவன் குதிகால் இரண்டும்
பாயைவிட்டு ஒரு சாண் எழும்பின.
எழும்பி, அதே இடத்தில் இறங்கின.
நான் மூச்சு வாங்கினேன்.
அவன் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தான்,
யாரோ தள்ளிவிட்ட மாதிரி.

பாய் அடுக்கும் நேரம்.
இரண்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
வந்தான்.
மூன்றாவதை மேலே வைத்துவிட்டு
விளக்கணைக்கப் போனான்.