டீசல் இருபது லிட்டர்

அந்தச் சம்மனை
முன்கண்ணாடி இடுக்கில் செருகி வைத்திருக்கிறாய், சகுபர்.
வெயில் பட்டு எழுத்து மங்கினால்
வழக்கும் மங்கிவிடும் என்று நினைப்பு.
நானும் அங்கேதான் வைத்திருந்தேன்,
ஏழு வாரம்.

ஆடி மாதம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து
பதினாலு பெட்டி சூடை, நாலு பெட்டி கணவாய்,
ஐஸ் உருகி வண்டி வாலில் சொட்டிக்கொண்டே வருகிறது.
விடிய இன்னும் அரைமணி.
ஆண்கடல் பக்கமிருந்து கச்சான் அடிக்கிறது,
ஸ்டியரிங்கை யாரோ கூடப் பிடித்திருப்பது போல.
திடீரென்று இடப்பக்கத்தில் சாலை இல்லை.
மணல்.
முழங்கால் உயரத்துக்கு.
வலப்பக்கம் ஒடித்தேன்.
எதிரே ஒரு பைக்.

அந்தப் பையனுக்குக் கால் முறிந்தது.
எலும்புச் சத்தம் என்று நான் நினைத்தது
மீன்பெட்டி பிளந்த சத்தம்.
இன்றும் பெட்டி அடுக்கும்போது
ஒரு நொடி கையை எடுத்துவிடுகிறேன்.

காகிதத்தில்
அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி,
தவறான பக்கம் ஏறி மோதினேன்.
மணல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.
அவர்கள் டேப் பிடித்து அளக்க வந்த மறுநாள்
சாலை கழுவிய தட்டு மாதிரிக் கிடந்தது.

மச்சானுடைய பத்திரத்தை முடித்துக்கொடுத்த வக்கீல்,
நல்ல மனிதர், பீஸ்கூடக் குறைத்துத்தான் வாங்குவார்,
கட்டைப் பிரிக்காமலே சொன்னார்:
"ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிரு நம்பு,
மத்தியானத்துக்குள்ள லோடுக்குப் போயிரலாம்."
லோடு என்றதும் எனக்கும் ஆசைதான்.
பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன்.
கோர்ட் வாசலில் நின்ற தண்ணிலாரிக்காரன்தான்
தோளைப் பிடித்து இழுத்தான்.

டெல்பின் அம்மா, தங்கச்சிமடம்.
கொலை எடுக்கமாட்டார், வரப்புத் தகராறு எடுக்கமாட்டார்,
விவாகரத்து என்று போனால்
டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.
வண்டி வழக்கு மட்டும், பத்தொன்பது வருஷமாக.
அவர் கேட்ட முதல் கேள்வி வேகத்தைப் பற்றி இல்லை.
"அன்னிக்கு என்ன காத்து?"

சகுபர், கடலுக்குப் போகிறவர்களைத் தவிர
யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

ஒத்துக்கொண்டிருந்தால் அபராதத்தோடு போயிருக்காதாம்.
லைசென்சுக்குக் கை வைப்பார்கள்.
இழப்பீட்டு வழக்கு வரும்போது
என் கையெழுத்தே எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கும்.
படகு எஞ்சின் இழுக்கவில்லையென்றால்
வலை பொத்துகிறவனிடமா காட்டுவாய்?
அவனும் கெட்டிக்காரன்தான்.

நெடுஞ்சாலை ஆபீசில் எந்த அலமாரி,
எந்த நோட்டு, யாரிடம் சாவி,
எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.
மூன்று மாதம் கழித்து நகல் வந்தது.
அந்தத் தேதிக்கு நேரே, கோணல் எழுத்தில்:
மணல் அகற்ற ஜேசிபி. காலை எட்டு மணி.
டீசல் இருபது லிட்டர்.

என் பக்கத்துச் சாட்சி அவ்வளவுதான்.
டீசல் குடித்த ஒரு மஞ்சள் வண்டி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
அன்றைக்கு என் வண்டியில் ஒரு முகப்பு விளக்கு எரியவில்லை.
அதை மறைத்துவிடலாமா என்று கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
"அது உன் தப்பு. அதுக்குக் கட்டு.
காத்துக்கு நீ கட்ட வேணாம்."
கட்டினேன். ரசீது இருக்கிறது.

செலவைக் கேட்கிறாய்.
மேரியின் தோடு அடகில் போனது, இன்னும் மீளவில்லை.
லைசென்ஸ் சட்டைப்பையில் இருக்கிறது,
வட்டியை அதுதான் கட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பையன் இப்போது நடக்கிறான், கொஞ்சம் சாய்ந்து.
பாம்பன் டீக்கடையில் பார்த்தால்
சில நாள் தலையசைப்பான், சில நாள் இல்லை.
எதிரே பைக்கில் வந்தால்
இரண்டு விளக்கையும் தாழ்த்திக்கொள்கிறேன்.

நாளைக்குத் தங்கச்சிமடத்தில் ஐஸ் ஏற்றுகிறேன், ஆறு மணிக்கு.
அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வா.
வெயில் படாமல் மடித்து.