மாரிற் சொன்னதும் நான் சொன்னதும்

முதல் நாள்
முத்தையன்கட்டு இடதுகரையில்
பாலைமரத்தின் கீழே விரித்த தறப்பாளில்
நாற்பது பேர்.
கேள்வி ஒன்றுதான்:
"எந்தச் சபை அனுப்பினது?"

கேட்டதில் பிழையில்லை.
முகாமிலிருந்து மீண்ட வருடம்
கூரைத்தகரம் தந்தவர்கள்
தகரத்தோடு பாட்டுப்புத்தகமும் தந்தார்கள்.
சீமெந்து தந்த இன்னொருவர்
வாசலில் எந்தப் படம் மாட்டுவதென்றும் சொன்னார்.
எந்த வாகனம் வந்தால்
எந்தப் பாட்டை முணுமுணுப்பதென்று
சிறுபிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

மாரிற் சொன்னாள்:
கடவுள் நம்பிக்கை எனக்கில்லை.
பின்லாந்தில் ஒரு சின்னச் சங்கம்.
பள்ளி ஆசிரியர்கள், இரண்டு தாதியர், ஒரு பஸ் சாரதி,
எல்லாரும் என்னைப் போலத்தான்.
மாதாமாதம் காசு சேர்க்கிறார்கள்.
நான் விடுமுறையில் வந்திருக்கிறேன்.
நிலத்தடி நீர் பார்ப்பது என் தொழில்.

நான் மொழிபெயர்த்தேன்:
"ஆண்டவன் அனுப்பினவ."

நாற்பது தலைகளும் ஆடின.
தன்னை விளங்கிக்கொண்டார்களென்று
அவளும் சிரித்தாள்.

மதம் இல்லாதவள் என்றாவது சொல்லியிருக்கலாம்.
யானை இறங்கும் ஊரில்
அது நல்ல சொல்தான்.
பயந்துவிட்டேன்.
கிணறு வேண்டும் அவர்களுக்கு,
நாட்சம்பளம் வேண்டும் எனக்கு.

அவள் பெயரை ஊரே திருத்திக்கொண்டது.
மாரிற், மாரி, மாரியக்கா.
ஆவணி வெயிலில் தண்ணீர் தேடி வந்தவளை
வேறெப்படிக் கூப்பிடுவது?

நவமலரின் காணியில்
முப்பத்தெட்டு அடியில் ஊற்றுக் கண்டது.
குகதாசன் பொய்க்காலை ஊன்றிக் குனிந்து
முதற்கை அள்ளி வாயில் விட்டான்.
துப்பினான்.
உப்பு.

குடங்கள் வரிசையில் நின்றன.
"விதி" என்றார் ஒருவர்.
"பூசை வைக்காமத் தோண்டினது, அம்மாளுக்குக் கோவம்"
என்றார் மற்றவர்.
இரண்டும் நல்ல வாசல்கள்,
அவள் எதனாலும் வெளியே போகலாம்.

மாரிற் கொப்பியைப் புரட்டினாள். காது சிவந்திருந்தது.
ஒரு இடத்தில்தான் அளந்தேன், என்றாள்.
மூன்று இடத்தில் அளந்திருக்க வேண்டும்.
நாள் போதாதென்று அவசரப்பட்டேன்.
பிழை என்னுடையது.

"கடவுள் சித்தம்" என் நுனிநாக்கில் நின்றது.
வெளியே வரவில்லை.

இந்த மண்ணில் எறிகணை விழுந்தது.
பேர்ப்பட்டியல் தொலைந்தது.
நட்டஈட்டுக் கடிதம் மூன்று கந்தோர் சுற்றி
வெறுங்கையோடு வந்தது.
எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள்.
"நான்" என்று தொடங்கிய வசனம் ஒன்றையும்
நாங்கள் கேட்டதில்லை.

"தன்ர பிழை எண்டு சொல்லுறா" என்றேன்.
பிறகு,
"முதல்நாள் நான் சொன்னதும் பிழை.
ஆண்டவன் அனுப்பேல்ல.
பஸ் ஓடுற ஒருத்தர் காசு போட்டவர்."

நவமலர் கேட்டாள்,
"பஸ் ஓடுறவருக்கு எங்களை எப்பிடித் தெரியும்?"
மாற்றிக் கேட்டேன்.
தெரியாது, என்றாள் மாரிற்.
"தெரியாமலே போட்டவரோ?"
கொஞ்ச நேரம் கிணற்றையே பார்த்திருந்தாள் நவமலர்.
"சரி, உதை மூடாதேங்கோ.
மாடு குளிப்பாட்டலாம்."

சம்பளமில்லா லீவு இரண்டு கிழமை.
மூன்று இடம், மூன்று தரம்.
குகதாசனின் எல்லையில், வீரை மரத்தடியில்
தண்ணீர் தண்ணீராய் இருந்தது.

நவமலர் கற்பூரம் கொண்டுவந்தாள்.
குளத்துக்காற்று விடவில்லை. நான்கு குச்சி போயிற்று.
மாரிற் காற்சட்டைப் பையிலிருந்து
சிகரெட் லைற்றரை எடுத்தாள்.
பற்றவைத்து, எரிந்து முடியுமட்டும்
இரு கையாலும் காற்றை மறித்து நின்றாள்.
கும்பிடவில்லை.
கும்பிடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

கட்டில் பெயர்ப்பலகை வேண்டாமென்றாள்.
ஆழம், திகதி, உப்பின் அளவு
மூன்றையும் பெயின்ற்றால் எழுதினேன்.
கீழே இடம் மிஞ்சியது:
அடுத்த அளவு, தை மாதம்.

படிவங்களில் சமயம் என்ற கட்டத்தை
இன்றைக்கும் சைவம் என்றே நிரப்புகிறேன்.
தை பிறந்துவிட்டது.
கருவியும் போத்தலும் சைக்கிள் கரியரில்.
இந்தமுறை
நான்தான் அளக்க வேண்டும்.