ஒரு தட்டு கூடுதல்

சோல் பாட்டுன்னா என்ன, செருப்போட அடியா
என்று கேட்டார் நாகேந்திரன்,
ஆட்டோவில் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டே.
பியூலா சிரிக்கவில்லை.
அதுவும்தாண்ணே, தேயத் தேயத்தான் நடை வரும்
என்றவள்
லிங்கராஜபுரம் மேம்பாலம் தாண்டும் முன்
சொன்னதையே மறந்துவிட்டாள்.

நான் பேஸ் வாசிப்பவன்.
யாரும் என்னைப் பார்ப்பதில்லை.
நான் நிறுத்தினால் மட்டும்
அறையில் ஏதோ குறைவதாகத் திரும்புவார்கள்.

அவள் தங்கவயல்காரி.
சுரங்கம் மூடியபின் அவள் அப்பா
விடிகாலை ரயிலில் பெங்களூர் வந்து
யாரோ ஒருவரின் கேட்டுக்குக் காவலிருந்து
இரவு ரயிலில் திரும்பியவர்.
கோயில் பாடகர் குழுவில் அவளுக்குக் கீழ்க்குரல்.
மேலே ஏறும்போது மட்டும் அதில் ஒரு விரிசல்.
ஒட்டித் தருகிறேன், ஐந்நூறு ஆகும் என்றான் ஸ்டுடியோக்காரன்.
ஐந்நூறை மிச்சம் பிடித்து
விரிசலோடு வாங்கிவந்தோம்.

அந்தப் பாட்டில் அதுவரை மூன்று பெயர்கள்.
மாரி. சின்னா. அந்தோணி.
நாலு நாலாக எண்ணினால்
பிசகாமல் வந்து உட்காரும் பெயர்கள்.
மூன்று குழிகள், மூன்று வருஷம்.

ஆகஸ்டில் நாலாவது வந்தது.
பானஸ்வாடி பக்கம், ஒரு அபார்ட்மெண்டின்
கழிவுநீர்த் தொட்டி.
முனிவெங்கடப்பா.

ஒத்திகையில் எட்டு முறை பாடிப் பார்த்தாள்.
முனிவெங் வரை சரி.
கடப்பா போய்
அடுத்த வரியின் காலை மிதித்தது.
வேகமாகச் சொன்னால் மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல்.
இழுத்தால் கேலிபோல்.
வெங்கின்னு வெச்சுக்கலாமே என்றது யாரென்றால்
நான்தான்.
இதை எழுதும்போது அந்த வரியை விட்டுவிடப் பார்த்தேன்.

சைக்கிள் கடை மாடியில், சங்க அலுவலகத்தில்
அவர் மனைவி அக்கயம்மா
தெலுங்கும் கன்னடமும் தமிழுமாகச் சொன்னது இது:
வருகைப் புத்தகத்துல எம்.வி.
மேஸ்திரி வாயில ஏய்.
செத்த அன்னிக்குப் போலீஸ் தாள்ல
ஆண், சுமார் நாற்பது.
பாட்டுல எடம் பத்தலன்னா
பாட்டைப் பெருசு பண்ணுங்கம்மா.

பெரிதாக்கினோம்.
நாலு, நாலு, நாலு, பிறகு ஐந்து.
டிரம்ஸ் வாசிக்கும் சுஹாஸ் இரண்டு நாள்
எங்களோடு பேசவில்லை.
அந்த ஐந்தாவது தட்டு வெறும் தட்டு.
பெயர் முடிந்து
அடுத்தது தொடங்கும் முன்
யாருக்கும் வேலை இல்லாத ஓர் இடம்.

வெள்ளிக்கிழமை பகல், ஃப்ரீடம் பார்க்.
நாற்பது பேர், நான்கு குடைகள்,
இருமுகிற ஜெனரேட்டர்.
பெயரை ஒரே மூச்சில் பாடி அவள் நிறுத்தியதும்
அந்தக் காலி இடத்தில்
பின்னாலிருந்து ஒரு பெண் குரல்:
ஹாஜர்.
காலை ஆறு மணிக்கு
மேஸ்திரியிடம் சொல்லும் அதே அலுப்போடு.
அடுத்த முறை பத்துப் பேர்.
அதற்கடுத்து
அக்கயம்மாவும் சொன்னார்.

அன்று இரவு இந்திராநகரில், ஒரு பப்பின் மூன்றாம் மாடியில்
அதே பாட்டு.
பெயர் முடிந்தது, இடம் வந்தது,
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஐஸ் கட்டி ஒன்று கண்ணாடியில் இடம் மாறியது.

நிகழ்ச்சி முடிந்து ஒருவர் வந்தார், நல்ல மனிதர்,
இசை தெரிந்தவர்.
கடைசிப் பாட்டில் ஓரிடத்தில்
தாளம் தப்பியதே, கவனித்தீர்களா என்றார்.
ஆமா சார் என்றாள் பியூலா
மைக் வயரைச் சுற்றிக்கொண்டே,
தினமும் தப்பும்.

கிடைத்தது ஆறாயிரம்.
வக்கீலுக்கு மூவாயிரம் எடுத்து வைத்தாள்.
சுஹாஸுக்குக் குச்சி வாங்க வேண்டும்.
எனக்குப் போன மாத பாக்கி
இந்த மாதமும் பாக்கி.

திரும்பும்போது சி.எம்.ஹெச். ரோடு சிக்னலில்
நாகேந்திரன் ஹாண்டில்பாரில் விரலால் தட்டினார்.
நாலு. நாலு. நாலு.
அங்கே வந்ததும் விரல்
எங்கே இறங்குவதென்று தெரியாமல் மேலேயே நின்றது.
பச்சை விழுந்தது.
பின்னால் எல்லா ஹாரனும் ஒன்றாக.