பெட்டி எண் பதினேழு

வியாழக்கிழமைகளில் நாற்றத்தைத் திறப்பது என் வேலை.
பிவா ஏரிக்கரை, படகுத்துறைக் கழிப்பறைக்கும்
குளிர்பான இயந்திரத்துக்கும் நடுவே
மூடி போட்ட இரும்புப் பெட்டி.
அந்நிய மீன்களை இதில் போடவும்,
ஏரியில் திரும்ப விடாதீர்.
பக்கத்தில் சிரிக்கிற மீன் படம்.
அது ஏன் சிரிக்கிறதென்று யாரும் கேட்டதில்லை.

புளூகில், பாஸ்.
கடல் தாண்டி வந்தவை. கேட்டு வரவில்லை,
யாரோ தொட்டியில் கொண்டுவந்தார்கள்.
முட்டை தின்னும். பசித்தால் நானும் தின்பேன்.
செத்தபின் உரமாகி வயலுக்குப் போகும்.

ஜூன் மழை, மூன்று நாளாக விடவில்லை.
மழைக்கோட்டுக்கு உள்ளேயும் ஈரம்.
பெட்டியைத் தராசுக் கூடையில் கவிழ்த்தேன்.
புளூகில் தட்டுத்தட்டாய்ச் சரிந்தது.
ஒரு வால் அடித்தது.

நிகோரோபூனா.
முன்னங்கை நீளம்,
சினையில் பருத்துத் தொங்கிய வயிறு.
விடுமுறைக்கு வந்த ஏதோ பிள்ளை
படத்தோடு ஒத்துப்பார்த்து
நல்லது செய்கிறோம் என்று போட்டிருக்கும்.
இந்த ஏரியை விட்டால்
இந்தக் கெண்டைக்கு வேறு ஊர் இல்லை.

"முரானிஷி-சான், எடை போட்டாச்சா?"
லாரிக்குள்ளிருந்து ஹிரோசாவா.
தராசு நாற்பத்தொன்று புள்ளி ஆறு காட்டியது.
படிவத்தில் இரண்டே கட்டம்.
இதற்கென்று ஒன்று அச்சடிக்கவில்லை.

ஏரியிலேயே விட்டிருக்கலாம், பத்தடிதான்.
நாணல் நின்ற இடத்தில் இப்போது கல்லடுக்கு,
இடுக்குக்கு இடுக்கு புளூகில்
முட்டைக்குக் காத்திருக்கிறது.
ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் மொண்டேன்.

சாலைக்கு அப்பால் நோசே வீட்டு வயல்.
மழை பிடித்தால் மீன் ஏறும் வயல்,
ஏறிய காலத்தில்.
வாய்க்காலைச் சீர்செய்தார்கள்.
சிமென்ட், நேர்க்கோடு, திறப்பு விழா.
வாய்க்கால் தண்ணீரிலிருந்து வரப்புக்கு
இப்போது என் உயரம்.
எந்தக் கெண்டை ஏணி வைத்து ஏறும்?

நாற்றுகளுக்கிடையில் சாய்த்தேன்.
கணுக்கால் தண்ணீர்.
முதுகு வெளியே தெரியச் சற்று நேரம் கிடந்தது,
செத்துவிட்டதென்றே நினைத்தேன்,
பிறகு சேற்றைக் கலக்கிக்கொண்டு போனது.
நாற்று அசைந்ததை வைத்து
மூன்றாம் வரிசை வரை தெரிந்தது,
நான்காவதில் அசைந்தது மழையாகவும் இருக்கலாம்.

வரப்பில் பாதி திரும்பியபின்தான் உறைத்தது:
ஆண் மீன் ஒன்றுகூட இல்லை அங்கே.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.
மிச்சத் தண்ணீர் கழுத்துவழி முதுகில் இறங்கியது,
சேற்று வாசனை.

படிவத்தில் நாற்பது புள்ளி ஏழு என்று எழுதினேன்.
"முன்னே அதிகம் காட்டியதே?" என்றான் ஹிரோசாவா.
மழைத்தண்ணீர், வடிந்துவிட்டது என்றேன்.