அரை நாள்

இன்றைக்கு எரிவது வீரை.
நேற்று முழுக்கப் பாலை.
கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்,
மூக்குக்குத் தெரியும்.

ஒட்டுசுட்டான் வீதியில் புதுக் கட்டடம், கண்ணாடி முகப்பு.
வெள்ளிக்கிழமை திறப்பு விழா.
அதற்குள் முன்வளவு பச்சையாகிவிட வேண்டும்.
லொறியில் வந்திறங்கிய புல்லுத் துண்டுகளை
ஓரடிக்கு ஓரடியாய்
விரித்துக்கொண்டு வருகிறோம்
நானும் தவக்கிளியும் கேதீசும்
பெயரைக் கேட்டால் சிரிக்கிற மலையாளபுரத்துப் பெடியனும்.

ஒன்பது மணியாகியும் சூரியன்
தோடம்பழ நிறத்தில் தொங்குகிறது.
நேராய்ப் பார்க்கலாம், கூசாது.
வீதிக்கு அந்தப் பக்கம்
காடு இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை,
வெள்ளை.
அதற்குள்ளிருந்து ஒரு பஸ்
லைற் போட்டுக்கொண்டு வந்தது,
எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

மண்வெட்டி எதிலோ பட்டுக் கணீரென்றது.
நாலு பேரும் நின்றோம்.
நிற்கச் சொல்லி எங்களுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை.
கேதீஸ் குந்தியிருந்து
விரலால் மண்ணை விலக்கி விலக்கிப் பார்த்தான்.
சைக்கிள் றிம்.
"ஓடலாம்" என்றான் பெடியன்
இருமலுக்கு நடுவே.

விரித்த புல்லில் சாம்பல் விழுகிறது.
ஈர்க்குக் கட்டால் மெல்லத் தட்டிக் கூட்டச் சொன்னான்
சுப்பவைசர் டினோசன்.
எங்கே கொட்ட என்று கேட்டேன்.
"றோட்டுக்கு அந்தப் பக்கம்."
வந்த இடத்துக்கே.

முகக்கவசம் ஒரு பெட்டி இருக்கிறது
பூச்சாடிகளுக்குப் பக்கத்தில், பிரிக்காமல்.
வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு.
தவக்கிளி பழைய சோட்டியைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள்.
புல்லுக்கு அடிக்கிற பைப்பில் நனைத்து
ஆளுக்கொரு துண்டு கட்டிவிட்டாள்.
அந்தத் தண்ணீர் பவுசரில் வருவது.
என் வீட்டுக் கிணற்றில்
வாளி அடிமண்ணில் முட்டி இன்றோடு பதினொரு நாள்.

பதினொன்றரைக்கு டினோசன் போனை நீட்டினான்.
காற்றுக்கு நம்பர் போட்டிருக்கிறார்களாம்.
நூற்றியெழுபத்தெட்டு, சிவப்பில்.
கிளினிக்கில் என் பிறஷருக்கும் இப்படி ஒரு நம்பர் வந்தது.
நேர்சும் இதே முகத்தோடுதான்
"வேலையைக் குறையுங்கோ அம்மா" என்றா.

"வெளிவேலை கூடாதாம், நிப்பாட்டுவம்."
பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை.
அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.
"முழு நாளோ, அரை நாளோ?"
தவக்கிளி கேட்டாள்.
அவன் திரும்பவும் போனைப் பார்த்தான்.
அதற்கு அதில் நம்பர் இல்லை.
"கொம்பனி அரை நாள்தான் போடும் அக்கா."

யாரும் ஒன்றும் கதைக்கவில்லை.
தவக்கிளி குந்தினாள்.
அடுத்த துண்டை எடுத்து
இடைவெளி தெரியாமல் அணைத்து வைத்து
உள்ளங்கையால் அமத்தினாள்.
பிறகு கேதீஸ், பிறகு நான்.
பெடியன் இருமி முடித்துவிட்டு வந்தான்.
டினோசன் கொஞ்ச நேரம் நின்றான்.
போனைப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு
மற்றத் தலைப்பிலிருந்து தானும் விரிக்கத் தொடங்கினான்.
கோணலாய் விரித்தான். நாங்கள் சொல்லவில்லை.

மூன்று மணிபோல
வெள்ளைக்குள்ளிருந்து ஓர் உடும்பு றோட்டைக் கடந்து வந்தது.
வால்நுனி கருகியிருந்தது.
ஈரப் புல்லில் வயிற்றை வைத்துக் கிடந்தது,
காசு கொடுத்து வாங்கிய இடம்போல.
கேதீசுக்கு உடும்பிறைச்சி என்றால் உயிர்.
அவன் மண்வெட்டியைத் தொடவில்லை.
பைப்பின் வாயைப் பெருவிரலால் பொத்தி
அதற்கு மேலே தூவானமாய் விட்டான்.
"நகம் பட்டால் புல்லுக் கிளம்பிவிடும், கலையுங்கோ"
என்றான் டினோசன்.
அவனும் கலைக்கவில்லை.
அது கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு
மிச்சத்தை விரித்து முடித்தோம்.

ஐந்து மணிக்கு
நாலு பேருக்கும் முழு நாள் எழுதினான்.

வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினேன்.
கறுப்பு.
அதில் வீரை இருந்தது, நேற்றைய பாலையும் இருந்தது,
எனக்குப் பெயர் தெரியாத
இன்னொரு மரமும்.